வாங்குவதானால் புத்தாண்டுக்கு முன்

சிகாஸோ, 3 நவம்பர் 1993

டக்காரில் உட்கார்ந்து மீனும் சோறுமாய்த் தின்று தொப்பை வளர்த்துக்கொண்டிருக்கும் என் சின்னப் புருஷன் லஸ்ஸினேவுக்கு அண்ணி நியெலே எழுதுவது.

நீ நலமா? கும்பா நலமா? குழந்தை நலமா? உன் கனத்தைத் தாங்கும் ஆபீஸ் நாற்காலி நலமா? இங்கே பிள்ளைகள் மூன்று பேரும் சுகம், நானும் சுகம். உன் அண்ணனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பமாக்கோ டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவு இறுகிப் போய்விட்டதாம். திறந்தால் சாத்துவதில்லை. இங்கே மாத்திரை தரலாம், அவ்வளவுதான். கதவை மாற்ற மார்சேய் நகரத்துக்குப் போக வேண்டும். ஒரு தர்ம அமைப்பு விமான டிக்கெட்டையும் பாதிச் செலவையும் ஏற்றுக்கொண்டது. மீதிக்கு நாம் அறுபதாயிரம் பிரெஞ்சு பிராங்க் முன்பணம் கட்ட வேண்டும். ஜனவரி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் மார்ச்சில் ஆபரேஷன். சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்கு.

நம் காசில் முப்பது லட்சம். மலைத்துப் போகாதே, சேர்த்துவிட்டேன். உழவு மாடு ஐந்தும் போயிற்று, மோட்டார் சைக்கிள் போயிற்று, என் காதில் இப்போது ஈர்க்குச்சிதான். சொந்தக்காரர்கள் முகம் கோணாமல் கொடுத்தார்கள். முகம் கோணியவர்களிடமும் வாங்கிவிட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

பணம், டக்காருக்கு வியாபாரத்துக்குப் போய்வரும் மைமுனாவின் இடுப்பில் கட்டி ரயிலில் வருகிறது. எண்ணி வாங்கிக்கொண்டு உடனே மார்சேய்க்கு அனுப்பு. இங்கே வங்கியில் கேட்டால் அந்தத் தாள் கொண்டு வா, இந்தத் தாள் கொண்டு வா என்று ஆளைச் சாகடிக்கிறார்கள். நீ நம் நாடுகளுக்கெல்லாம் காசு வெளியிடுகிற பெரிய வங்கியில், பணத்துக்கு நடுவிலேயே வேலை பார்க்கிறவன். உன் அண்ணன் சொன்னது: "லஸ்ஸினே கைக்குப் போயிடுச்சுன்னா மார்சேய்க்குப் போன மாதிரிதான்."

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் சின்ன வயிறும் தரட்டும்.

நியெலே

*

டக்கார், 14 நவம்பர் 1993

பயறு தின்னும் குலத்தில் பிறந்து, எங்கள் வீட்டில் வந்து சோளக்களி தின்னப் பழகிய அண்ணிக்கு,

உங்கள் சின்னப் புருஷன் நலம். கும்பாவும் குழந்தை ஸீராவும் நலம். அண்ணன் உடம்பைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் வழி கிடைத்துவிட்டதே, அதுவே பெரிய நிம்மதி.

மைமுனா வந்தாள். பணம் முழுசாக இருக்கிறது. அவள் என்னை நம்பாமல் தானே இரண்டாம் முறை எண்ணினாள். நீங்கள் சொல்லித்தான் அனுப்பியிருப்பீர்கள்.

வரும் வாரம் அனுப்பிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் கணக்கு எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அது ஒன்றுதான். இங்கே எங்கள் மூன்று பேரைத் திடீரென்று வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. கும்பா எனக்கு வேறொரு பெண் இருப்பதாக நினைக்கிறாள். இருக்கிறாள், சிகாஸோவில், காதில் ஈர்க்குச்சியோடு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனை மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் அமைதி நிலைக்கட்டும்.

லஸ்ஸினே

*

சிகாஸோ, 5 டிசம்பர் 1993

லஸ்ஸினே,

நலம், நலம் அறிய ஆவல், கும்பாவுக்கும் ஸீராவுக்கும் என் அன்பு. வரும் வாரம் என்று எழுதி மூன்று வாரம் ஆயிற்று. அந்த வாரம் இன்னும் டக்காருக்கு வந்து சேரவில்லையா?

உன் அண்ணனுக்குக் கால் வீங்குகிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. சின்னவன் அதை விளையாட்டு என்று நினைத்து அழுத்திப் பார்க்கிறான், இவரும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. சந்தையில் ஒரே பேச்சாக இருக்கிறது. காசை வெட்டப் போகிறார்களாம். இவ்வளவு வருஷம் நம் பிராங்க் ஐம்பது கொடுத்தால் ஒரு பிரெஞ்சு பிராங்க் கிடைத்தது, இனி நூறு கொடுத்தால்தான் கிடைக்குமாம். மொத்தத் துணி வியாபாரி சரக்கைப் பின்னறைக்குள் ஏற்றிவிட்டு, "ஸ்டாக் இல்லம்மா" என்கிறார். நேற்றுவரை என் காலைப் பிடித்துக் கடனுக்குத் தள்ளிவிட்டவர் அவர். ரேடியோவில் பெரியவர்கள் எல்லோரும் இல்லவே இல்லை என்கிறார்கள்.

நீ உள்ளே இருக்கிறவன். மென்று முழுங்காமல் சொல். இது உண்மையா? உண்மையானால் நம் முப்பது லட்சம் பாதி ஆகிவிடாதா? பணம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்காமலேயே எழுந்து போய் அனுப்பு.

கடவுள் உன்னைச் சோம்பலிலிருந்து காக்கட்டும்.

நியெலே

*

டக்கார், 20 டிசம்பர் 1993

சந்தை முழுவதையும் வாயில் போட்டு மெல்லும் என் அருமை அண்ணிக்கு,

எல்லோரும் நலம். இங்கே கடற்காற்று குளிர்கிறது. ஸீராவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

ஐயோ அண்ணி, உங்கள் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பயறு தின்றால் வாயு வரும் என்று தெரியும், வதந்தியும் வரும் என்று இப்போதுதான் தெரிகிறது. துணி வியாபாரி சரக்கை ஒளித்து வைத்தால் விலையேற்றத்தான் வைப்பான். காசு எங்கே போய்விடும்? நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஐம்பதுக்கு ஒன்று. நான் செத்த பிறகும் அப்படித்தான் இருக்கும். அப்போது நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதில் ஒரு கையெழுத்து பாக்கி. அதைப் போடவேண்டியவர் விடுப்பில் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி ஜனவரி கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறதே, எதற்கு அவசரம்? அதற்குள் கட்டாயம் போய்ச் சேரும்.

கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். களிக்குக் குழம்பு ஊற்றும்போது கை நடுங்கட்டும்.

புத்தாண்டு நல்லபடி பிறக்கட்டும்.

லஸ்ஸினே

*

சிகாஸோ, 3 ஜனவரி 1994

லஸ்ஸினே,

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவரால் இப்போது படுக்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நான் முதுகுக்குப் பஞ்சு மூட்டை கொடுத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி இனி நான் கேட்கப் போவதில்லை. உனக்குத் தெரிந்தபடி செய்.

நியெலே

*

டக்கார், 16 ஜனவரி 1994

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். நூறுக்கு ஒன்று. இந்தக் காசு புழங்கும் பதிமூன்று நாட்டுக்கும் ஒரே நாளில்.

அந்தக் கையெழுத்து வந்து சேரவில்லை. பணம் போகவில்லை. பணம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது இப்போது முப்பதாயிரம் பிரெஞ்சு பிராங்க்தான். ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன், பாதியை வாங்கிக்கொள்வார்களா என்று. மீதிப் பாதிக்கு நான் எப்படியாவது வழி பார்க்கிறேன்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

லஸ்ஸினே

*

சிகாஸோ, 6 பிப்ரவரி 1994

என் சின்னப் புருஷனுக்கு,

கும்பாவும் குழந்தையும் சுகமா? நோன்பு நெருங்குகிறது, சர்க்கரை வாங்கி வைத்துவிட்டீர்களா? இங்கே சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். மண்ணெண்ணெய் அப்படி, சோப்பு அப்படி. மருந்துக் கடையில் அவருடைய மாத்திரைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். போன வாரம் விலை இவ்வளவுதானே என்றால், "போன வாரம் செத்துப் போச்சும்மா" என்கிறான் கடைக்காரன்.

வேடிக்கையைக் கேள். மாட்டு விலை ஏறிவிட்டது. அபிஜான் வியாபாரிகள் லாரி லாரியாக வந்து கேட்ட விலைக்கு அள்ளுகிறார்கள். நம் ஐந்து மாட்டையும் இப்போது விற்றிருந்தால்! அதைச் சொல்லிச் சொல்லி உன் அண்ணன் சிரிக்கிறார், சிரித்தால் இருமல் வருகிறது.

மார்சேயிலிருந்து பதில் வந்துவிட்டது. பாதி வாங்க மாட்டார்கள். மார்ச் மாத இடம் போய்விட்டது. முழுப் பணம் கட்டினால் ஜூலையில் பார்க்கலாமாம். கையில் இருந்த துணியையெல்லாம் நல்ல விலைக்கு விற்று ஏழு லட்சம் சேர்த்திருக்கிறேன். நீ எவ்வளவு புரட்டுவாய் என்று எழுது.

அவர் உனக்கு எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் மேல தப்பில்லன்னு எழுது. பெரிய எழுத்துல எழுது." எழுதிவிட்டேன்.

உன் வீட்டு வாசலுக்குத் துன்பம் வராதிருக்கட்டும்.

நியெலே

*

சிகாஸோ, 10 ஏப்ரல் 1994

லஸ்ஸினே,

மைமுனாவின் மகன் பமாக்கோவிலிருந்து கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். நேற்று விடியற்காலையில் உன் அண்ணன் தியெமோகோ போய்விட்டார். உட்கார்ந்தபடியே போனார். நான் தூங்குகிறார் என்று நினைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் ஆயிற்று. அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

நீ இல்லாமல் குழியில் யார் இறங்குவது என்று கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு உன் சித்தப்பா மகன் இறங்கினான்.

வா.

நியெலே

*

டக்கார், 24 ஏப்ரல் 1994

அண்ணிக்கு,

அல்லாஹ் அண்ணனை மன்னித்து நல்ல இடத்தில் சேர்க்கட்டும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுமையைக் கொடுக்கட்டும்.

அழுது தீர்த்துவிட்டேன். கிளம்பவும் கிளம்பினேன். ரயில் நிலையம் வரை பெட்டியோடு போய்த் திரும்பிவிட்டேன் என்பதுதான் உண்மை. ஆபீஸில் விடுப்பு இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். நாற்பதாம் நாளுக்குக் கும்பாவை அனுப்புகிறேன். அவள் வந்து உங்களோடு ஒரு வாரம் இருப்பாள். என்னால் இப்போது அந்த வீட்டுக்குள் வர முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

லஸ்ஸினே

*

சிகாஸோ, 8 ஜூன் 1994

மதிப்புக்குரிய லஸ்ஸினே அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதுவது தியெமோகோவின் மனைவி நியெலே. உங்கள் வீட்டார் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே முதல் மழை பெய்துவிட்டது.

உங்கள் மனைவி வந்திருந்தார். நாற்பதாம் நாள் ஓதல் நல்லபடியாக நடந்தது. சமையல், பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் அவரே எடுத்துப் போட்டுச் செய்தார். நல்ல பெண். வாயில் எதுவும் நிற்காத பெண்.

பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து விலைவாசியைப் பற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவர் தனக்கு மட்டும் அதிர்ஷ்டம் என்றார். டிசம்பரிலேயே குளிர்பெட்டி வாங்கியாயிற்றாம், வீட்டுக்கு மாடி எழுப்பச் சிமென்ட்டும் கம்பியும் வாங்கி அடுக்கியாயிற்றாம், இப்போது எல்லாம் இரட்டை விலையாம். எப்படித் தெரிந்தது என்று யாரோ கேட்டார்கள். அவர் பெருமையாகச் சொன்னார்:

"எனக்கென்ன தெரியும்? அவருதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. 'வாங்குறதா இருந்தா புத்தாண்டுக்கு முன்னாடி வாங்கிடு'ன்னு. ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

அதற்குப் பிறகு அவர் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் புருஷனுக்குத் துக்கம் காத்து வெள்ளைத் துணியில் இருக்கிறவள், எழுந்து வெளியே போகக்கூட முடியாது. உட்கார்ந்தே இருந்தேன்.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் திட்டாதீர்கள்.

நியெலே

*

டக்கார், 2 அக்டோபர் 1994

அண்ணிக்கு,

நான்கு மாதமாக ஏழெட்டு முறை எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

காசை வெட்டப் போவது எனக்கு முன்பே தெரியும். மைமுனா பணத்தைக் கொண்டு வந்து கொடுத்ததற்கு மூன்று நாள் முன்பு எங்களை அந்த அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பார்க்கிற வேலையை வெளியே சொல்ல மாட்டோம், எங்களுக்காகவோ சொந்தக்காரர்களுக்காகவோ பிரான்சுக்குப் பணம் அனுப்ப மாட்டோம் என்று. பிறகு வேலையைக் கொடுத்தார்கள். காசு பாதியானால் அரிசி என்ன விலை, மருந்து என்ன விலை, எந்த நாட்டுக் கடன் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது. மருந்துக் கணக்கு என்னுடையது.

கணக்கு சரிதான், அண்ணி. அதுதான் கொடுமை. ஒவ்வொரு அரசாங்கமும் பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார்களுக்குச் சம்பளம் இல்லை. நம் பருத்தி அந்த விலைக்கு உலகத்தில் விற்கவில்லை. தனிக் காசு வைத்திருக்கும் நாடு நினைத்தால் தன் காசைக் குறைத்துக்கொள்ளும். நாம் பதிமூன்று பேர் ஒரே காசில் கட்டுண்டு கிடக்கிறோம், குறைத்தால் எல்லோரும் சேர்ந்துதான் குறைக்க வேண்டும். அதைச் செய்தால்தான் இனிமேல் கடன் என்று கொடுப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். முன்கூட்டியே ஒருவருக்குத் தெரிந்தாலும் எல்லோரும் பணத்தை வெளியே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் இரகசியம். இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அண்ணனின் பணத்தை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டே புரிந்தது.

அதை நேர்மை என்று நினைத்தேன். என் பக்கத்து மேஜைக்காரன் தன் மாமனார் பணம் முழுவதையும் டிசம்பரிலேயே அனுப்பிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த வருஷம் பதவி உயர்வு. அப்போதுதான் தெரிந்தது, என்னுடையது பயம். நேர்மையாக இருந்திருந்தால் கும்பாவிடமும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சோறு தின்றுகொண்டே என் வீட்டுச் சிமென்ட்டைக் காப்பாற்றிவிட்டேன். உங்களுக்கு மட்டும் கேலி எழுதி அனுப்பினேன். கேலி செய்கிற உறவு இருக்கிறதே, அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சிமென்ட், கம்பி, குளிர்பெட்டி, பாதி கட்டிய மாடியோடு மனை, எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். மீதிக்குக் கடன் வாங்கினேன். மைமுனாவிடம் அறுபது லட்சம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்த முப்பது, அது இழந்த முப்பது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் துக்க நாட்கள் முடிந்துவிட்டன. பெரியவர்கள் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அண்ணன் இடத்தில் நான் உங்களை மனைவியாக ஏற்க வேண்டும், வழக்கம் அதுதான் என்று. கும்பா மனசில்லாமல் சரி என்றாள். நான் வருகிறேன், அண்ணி. வேலையை விட்டுவிட்டு வருகிறேன். நிலத்தைப் பார்க்கிறேன், பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாழ்நாள் முழுக்க உங்கள் கண்முன்னால் நின்று இதைத் தீர்க்கிறேன்.

லஸ்ஸினே

*

சிகாஸோ, 6 நவம்பர் 1994

மதிப்புக்குரிய லஸ்ஸினே அவர்களுக்கு,

உங்களுக்கும் கும்பாவுக்கும் குழந்தைக்கும் இறைவன் உடல்நலம் தரட்டும். இங்கே பருத்தி வெடித்து வயல் வெள்ளையாகக் கிடக்கிறது. எடுப்பதற்குக் கை போதவில்லை.

இந்த 'அவர்களுக்கு' என் வாயிலேயே நிற்கவில்லை. விடு. உன்னோடு சண்டை போடக்கூட எனக்கு 'நீ'தான் வேண்டும்.

முதலில் பணம். முப்பது லட்சத்தை எடுத்துக்கொண்டேன். கொடுத்தவர்களுக்குக் கொடுத்ததைத் திருப்புகிறேன். மற்ற முப்பது இதே மைமுனாவோடு திரும்பி வருகிறது. உன் கடனை அடை. இங்கே அனுப்பினால் மறுபடியும் திருப்புவேன், அவள் பாவம், அலைய வைக்காதே.

இரண்டாவது, கல்யாணம். பெரியவர்கள் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். முடியாது என்றேன். ஏன் என்றார்கள். அவனுக்கு டக்காரில் குடும்பம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உனக்குக் காரணத்தைச் சொல்கிறேன். நீ என்னைக் கட்டிக்கொள்ள வரவில்லை, கடன் கட்ட வருகிறாய். தினமும் விடிந்ததும் தவணை கட்டுகிற மூஞ்சியை நான் பார்க்க வேண்டும். எனக்கு அதெல்லாம் ஆகாது. பாவம் கும்பா, அவளுக்கும் ஆகாது.

மூன்றாவதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

போன டிசம்பரில் நீ சிரித்துச் சிரித்து எழுதினாயே, அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"பொய் சொல்றான். சின்ன வயசுல இருந்தே பொய் சொன்னா அவனுக்குச் சிரிப்பு ஜாஸ்தியா வரும். காச வெட்டப் போறாங்க."

நான் எழுந்துவிட்டேன். "நாளைக்கே ரயில் ஏறுறேன். போய் அவன் முன்னால நின்னு பணத்த வாங்கி நானே அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம். நீ போய் நின்னா அவன் குடுத்துடுவான். குடுத்தா வேலை போகும், ஜெயிலுக்கும் போவான். எனக்கு இருக்கறது ஒரு தம்பி."

"எனக்கு இருக்கறது ஒரு புருஷன்" என்று நான் சொன்னேன். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. லஸ்ஸினே, நான் போயிருக்கலாம். அவரால் வாசல் வரை எழுந்து வந்து என்னைத் தடுக்கக்கூட முடிந்திருக்காது. நான் போகவில்லை. ஒருவேளை வெட்டமாட்டார்கள், ஒருவேளை ஜனவரி கடந்துவிடும், கொழுந்தன் எழுதியது நிஜமாகவே இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். புத்தாண்டு வியாபாரம் வேறு நடந்துகொண்டிருந்தது.

தேற்றிக்கொண்டவள் சும்மா இருந்தேனா? மறுநாளே மொத்த வியாபாரியிடம் போய், கெஞ்சி, என் கல்லாவில் இருந்த கடைசிக் காசு வரை துணியாக மாற்றினேன். பிப்ரவரியில் நல்ல விலைக்கு விற்றேன் என்று எழுதினேனே, அந்தத் துணி. கும்பா சிமென்ட் வாங்கினாள், நான் துணி வாங்கினேன். அடக்கத்தின்போது அவருக்குப் போர்த்திய கஃபன் துணி அதில் வந்த லாபத்தில் வாங்கியது.

அதனால் நான் உன்னை மன்னிக்கவில்லை என்று எழுத எனக்கு வாயில்லை. மன்னித்தேன் என்று எழுதவும் கை வரவில்லை. இந்த வருஷம் பருத்திக்கு இதுவரை இல்லாத விலை பேசுகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள், காசை வெட்டியவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று துஆ செய்கிறார்கள். நானும் எடையைப் பார்த்துவிட்டு மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். பட்ட உடனே அழுதேன். யாரிடம் சொல்ல?

பெரியவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. "அப்பாவுக்குப் பணம் சேர்ந்துதானே இருந்தது, ஏன் மார்சேய்க்குப் போகல?" என்று கேட்கிறாள். சின்னவர்களும் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். விதி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கிற பார்வை நன்றாக இல்லை.

நீ வேலையை விடாதே. பத்து நாள் விடுப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வா. ரயில் நிலையத்திலிருந்து திரும்பிப் போகாமல் வா. பிள்ளைகளை உட்கார வைப்போம். நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லு. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் நம் இரண்டு பேரையும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதைக் கேட்டுக்கொள்வோம்.

குழந்தைக்கு என் முத்தம். வழியில் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள், காயெஸ் ஸ்டேஷன் தாண்டினால் பெட்டிக்குள் புழுதி வந்துவிடும்.

நியெலே